கொக்கிக்குக் கீழே நிற்பவன்

வானத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் என் தம்பி தொளதொளாவுக்கு,

தரையிலிருந்து அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானின் குறட்டையும் நலம். நீ விடுமுறை முடிந்து கிளம்பிய பிறகு ஹாலில் உன் நாற்காலி போட்டது போட்டபடி கிடக்கிறது. அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் வாலு விடுவதில்லை. அது மாமாவின் கேபினாம், கண்டவர்கள் ஏறக்கூடாதாம். பெற்ற தாய்க்கே அனுமதி இல்லை என்றால் உன் மருமகளின் அதிகாரத்தைப் பார்த்துக்கொள்.

கிரேன் கேபினுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், காகிதத்தை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீ சொன்னதால்தான் இந்தக் காலத்திலும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். கீழே லோடு கட்டி முடிக்கும்வரை சும்மா இருக்கும் நேரத்தில் படி. படித்து முடித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வை. ராக்கெட் செய்து யார் தலையிலாவது இறக்காதே.

உன் கடிதத்தைச் சத்தம்போட்டுப் படித்து எல்லோரும் சிரித்தோம். மேலே தனியாக இருக்கும்போது நான் சமையலறையிலிருந்து உன்னைக் கூப்பிட்ட மாதிரி கேட்டதாம், நீ வாக்கிடாக்கியிலேயே "தோ வரேன்க்கா" என்று சொல்லிவிட்டாயாம். கீழே நின்ற சிக்னல்காரர், "எங்கடா வர்றே, நடுவுல படி எதுவும் இல்லையே" என்றாராம். அந்த மனிதரைப் பார்க்காமலே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். குரல் ரொம்ப அன்பாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் என்றைக்கடா உன்னை அன்பாகக் கூப்பிட்டிருக்கிறேன்? அது நிச்சயம் வேறு யாரோ.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரத்தத்தில் தூக்கத்தைத் தேடுகிறீர்களாமே, கிடைத்தால் எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்பு என்று கிண்டல் வேறு. உனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன், கேள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உத்தரவுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. இந்தப் புரதத்தைச் செய், அந்தப் புரதத்தைச் செய் என்று. அந்த உத்தரவைச் சுமந்து போவது நீளமான ஆர்.என்.ஏ. அதே குடும்பத்தில் குட்டியாகச் சில ஆர்.என்.ஏ.க்கள் உண்டு. அவை எதையும் செய்வதில்லை. போய் உத்தரவின் மேல் ஒட்டிக்கொண்டு, போதும் நிறுத்து என்று வாயை அடைக்கும். உங்கள் சிக்னல்காரர் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்குவதில்லை, ஆனால் அவர் கை காட்டினால்தானே நீ நிறுத்துகிறாய். அவர் ஒருநாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

தூக்கத்துக்கும் இப்படிச் சிக்னல் காட்டுகிற குட்டிகள் இருக்கின்றன என்பதுதான் எங்கள் டாக்டரின் எண்ணம். விழிப்பு விழிப்பாக இருக்கவேண்டும், கனவு கனவாக இருக்கவேண்டும், கனவு காணும்போது கை கால் பூட்டிக் கிடக்கவேண்டும். சிலருக்கு அந்தப் பூட்டு சரியாக விழுவதில்லை. அவர்கள் ரத்தத்தில் மிதக்கும் குட்டிகளில் சில மட்டும் குறைந்து காணப்படுகின்றன. அவை குறைந்ததால் பூட்டு கெட்டதா, பூட்டு கெட்டதால் அவை குறைந்தனவா என்று எங்களுக்கே தெரியாது. ரத்தத்தைச் சுற்றவைத்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து, அதிலிருந்து அவற்றைப் பிரித்து எண்ணுவது என் வேலை. கையுறை இல்லாமல் தொட்டால் நம் விரல் வியர்வையே அவற்றைத் தின்றுவிடும். குழாய் திறந்திருக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. என்னை வாய் மூடவைத்த ஒரே வேலை இதுதான் என்று உன் அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன வாரம் ஒரு தையல்காரர் வந்தார். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடும் மனிதர். எங்கள் தூக்க அறையில் படுக்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, கேமராவில் பார்த்தோம். தூங்கியபடியே தைக்கிறார். போர்வைக்குள் கால் மிதிக்கிறது. இல்லாத நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிறார். அதுவரை பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, எதிரே யாரோ நிற்கிற மாதிரி இரண்டு கையாலும் டேப்பைச் சுற்றி மார்பளவு எடுத்தார். "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, சாதாரணமா இருங்க" என்றார். கேமராவில் அந்த இடம் காலிதான். ஆனால் அவர் கைகள் இரண்டும் ஒரு உடம்பின் அளவுக்கு விலகி நின்றன, அதற்குமேல் நெருங்கவே இல்லை. காலையில் கேட்டதற்கு, அளவு கொடுத்தவர் தினமும் வருகிற ஆள்தான், எதற்காக உடுப்பு என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்.

சரி, இப்போது உன் அக்காவின் கதை. நோயாளிகளின் ரத்தத்தோடு, நன்றாகத் தூங்குகிற ஒருவரின் ரத்தமும் ஒவ்வொரு முறையும் மெஷினுக்குள் போகவேண்டும். தராசில் படிக்கல் வைப்பதைப் போல. எங்கள் லேபில் அந்தப் படிக்கல் நான்தான். படுத்தால் கட்டை என்பது உலகறிந்த விஷயம் ஆயிற்றே. அவ்வப்போது ஒரு குழாய் கொடுத்து, என் அடையாள எண்ணை ஒட்டி, உறைபெட்டியில் வைத்துவிடுவேன். இந்தமுறை பெட்டியிலிருந்து அடுத்த குழாயை எடுத்துப் போட்டோம். படிக்கல் போய் நோயாளிகள் பக்கம் உட்கார்ந்துகொண்டது. தையல்காரருக்குப் பக்கத்து இடம்.

ரத்தம் உடைந்து இளஞ்சிவப்பாகிப் போயிருந்தால் கணக்கு இப்படிப் பொய் சொல்லும். அப்படியும் இல்லை, தண்ணீர் விட்ட தேன் மாதிரி சுத்தமாக இருக்கிறது. திரும்பப் போட்டோம். அதே விடைதான். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்க நல்லாத்தான் தூங்குறீங்களா" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளை என்னையே அந்த அறையில் படுக்கவைத்துப் பார்க்கப்போகிறார்களாம். நானும் தூக்கத்தில் எழுந்து யாருக்காவது ஊசி போடுகிறேனோ என்னவோ.

காற்று பலமாக அடித்தால் வீரம் காட்டாமல் இறங்கிவிடு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா.

*

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, மாமா வரும்வரை புதுப்பல் முளைக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டே திரிகிறாள்.

என்னைப் பரிசோதித்துவிட்டார்கள். ஒயரை ஒட்டிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனேன். விடியும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லையாம். கேமரா பார்க்கும் பையன் போட்டோவைப் பார்த்த மாதிரி இருந்தது என்று சலித்துக்கொண்டான். காலையில் புதிதாக ரத்தம் எடுத்தோம். எல்லாக் குட்டிகளும் இருக்கவேண்டிய அளவில் இருக்கின்றன. எனக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் அந்தக் குழாயில் இருப்பது யார் என்று டாக்டர் கேட்டார். நான் உறைபெட்டியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். என் எண், என் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். நீ இங்கே இருந்த வாரம்.

உனக்கு நினைவிருக்கிறதா பார். நான் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க லேபுக்கு வந்தாய். எனக்கு அன்றைக்குச் சளியும் காய்ச்சலும். காய்ச்சல்காரியின் ரத்தம் படிக்கல்லுக்கு உதவாது. புது ஆளைத் தேடி, ஒப்புதல் வாங்கி, எண் போட நேரமில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். நீதான் சட்டைக் கையை மடித்துவிட்டு, "என்னோடத எடுத்துக்கோக்கா, தூக்கத்துல என்னை மிஞ்ச ஆள் கிடையாது" என்றாய். நானும் எடுத்தேன். கைப்பழக்கத்தில் என் எண்ணையே ஒட்டிவிட்டேன். இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தால் குழாயில் இருப்பது ஒரு மனிதன் என்பதே மறந்துபோகும். நல்ல ரத்தம் என்றால் போதும், யாருடையதாக இருந்தால் என்ன என்று தோன்றிவிடும்.

டாக்டரிடம் சொன்னேன். நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு, உங்கள் தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். டவர் கிரேன் ஓட்டுகிறான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். ரத்தத்தை மட்டும் வைத்து ஒரு தனி ஆளுக்கு இந்த நோய் என்று சொல்லிவிட முடியாது, நாங்கள் பார்ப்பது கூட்டத்தின் கணக்கு, ஆளின் கணக்கு இல்லை என்றார். அதை நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கூடவே சில கேள்விகளும் கேட்டார். அவற்றை உன்னிடம் கேட்கவேண்டியதே இல்லை. எனக்கே பதில் தெரிந்திருந்தது.

பலமாகச் சிரித்தால் உடம்பு தளர்ந்துபோகுமா என்று கேட்டார். நாம் உன்னைத் தொளதொளா என்று கூப்பிடுவதே அதனால்தானே. என் கல்யாணப் போட்டோவில் எல்லோரும் நிற்க நீ மட்டும் தரையில் கிடப்பாயே, அத்தானின் நண்பர் சொன்ன ஜோக்குக்கு முட்டி மடங்கிவிட்டது என்று இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோமே. உன் கையிலிருந்து எத்தனை டம்ளர் விழுந்திருக்கிறது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், தம்பி. சிரிக்கும்போது விழுந்துவிடுகிற பூட்டு. கனவில் விழவேண்டியது விழிப்பில் விழுகிறது. எத்தனையோ வருஷமாக ஒரு நோயைப் பட்டப்பெயராக வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

தூங்கப்போகும் நேரத்திலோ விழித்திருக்கும்போதோ இல்லாத குரல் கேட்குமா என்றும் கேட்டார். நீ சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டதாக எழுதியதைச் சொன்னேன். போன கடிதத்தில் அதற்குச் சிரித்திருந்தேன். இப்போது அந்த வரியை எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நேற்று மத்தியானம் வாலு உன் நாற்காலியில் பொம்மையை உட்காரவைத்துவிட்டு எதிரே நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரலை மேலே நீட்டிச் சுற்றுகிறாள், பிறகு கையை நீட்டி நிறுத்துகிறாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். மாமா தூங்குகிற விளையாட்டு என்றாள். எனக்குப் புரியவில்லை. "மாமா சாப்ட்டுட்டு இதுல தூங்குவாருல்லம்மா, அப்ப நான் கை காட்டுவேன், மாமா தூக்குவாரு. நிறுத்துன்னா நிறுத்துவாரு" என்றாள். மாமா சும்மா தூங்குகிற மாதிரி நடிப்பார் என்றேன். இல்லையாம். நடித்தால் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடுமாம், அப்போது சிரிப்பே வராதாம். கண் திறந்துதான் இருக்குமாம், ஆனால் இவளைப் பார்க்காதாம், இவளுக்குப் பின்னால் பார்க்குமாம். பின்னால் என்ன இருந்தது என்று கேட்டேன். "தெரியலம்மா. மாமா அவரைத் தள்ளிப் போ, தள்ளிப் போன்னு சொல்வாரு. அவரு போகமாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பொம்மைக்குக் கை காட்டப் போய்விட்டாள்.

அவள் காட்டிய இடம் ஜன்னலுக்குக் கீழே, வெறும் தரை. பெருக்கும்போது அந்த இடத்தை இன்று நான் சுற்றிக்கொண்டு போனேன். படித்தவள், லேபில் வேலை பார்க்கிறவள், என் வீட்டுத் தரைக்கே நான் பயப்படுகிறேன் என்றால் சிரிப்பாய். சிரிக்காதே. அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே தூங்கியபடி நீ கிரேன் ஓட்டியிருக்கிறாய். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, குழந்தைக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. அங்கே கிரேனில் தூங்கினால் நீ என்ன செய்வாய் என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஃபோர்மேனிடம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒருமுறை வந்துவிட்டுப் போ. எங்கள் அறையில் ஒரு ராத்திரி படு, மறுநாள் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கிக் காட்டு. ஒன்றுமில்லை என்றால் என்னை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய். ஏதாவது இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, இதோடு நன்றாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தையல்காரர்கூட மாத்திரை சாப்பிட்டு இப்போது பகலில் விழித்திருக்கிறார். அவரால் தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அதை நிஜமாகவே எழுதுகிறேன்.

அக்கா.

*

என் கண்ணான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இந்தக் கடிதத்தில் ஊர்க்கதை எதுவும் இல்லை.

உன் பதில் வந்தது. எனக்கென்று வாய்த்தாளே நல்ல அக்கா, தன் ரத்தம் சரியாக இருந்தால் தம்பி ரத்தத்தில் குறை கண்டுபிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். வாசித்து முடிக்குமுன்பே போன் போட்டேன். அந்த விடுதிப் போனில் நீ கிடைப்பதே அதிசயம், கிடைத்தாய். நான் அழுததைக் கேட்டு, "என்னக்கா, குழாய்ல நம்பரை மாத்தி ஒட்டிட்டு என் தலையில கட்டப் பாக்குறே" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். பிறகு போன் எங்கேயோ மோதி விழுந்த சத்தம் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நீ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் உன் குரல், ஆனால் என்னோடு பேசுகிற குரல் இல்லை. வேலைக் குரல். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் இறக்குறேன். தள்ளிப் போய்யா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து, கை வழுக்கிவிட்டது, நீ என்ன சொன்னாய் என்று கேட்டாய். இடையில் நீ பேசியதே உனக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் உன்னிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. உன்னைச் சிரிக்கவைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என் தம்பி சிரிப்பதற்கு நான் பயப்படவேண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்.

பிறகுதான் உன் கடிதத்தின் மீதியைப் படித்தேன்.

கிரேனில் கையை விட்டால் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், எல்லாம் நின்றுவிடும், தூங்கினாலும் ஆபத்து இல்லை என்று எழுதியிருக்கிறாய். கையை விடுகிறவனுக்காகச் செய்த ஏற்பாடு அது. தையல்காரர் தூக்கத்தில் டேப்பை விடவில்லை. இந்த ஹாலில் நீ தூங்கிக்கொண்டே வாலுவின் கைக்கு லோடு தூக்கினாய், விடவில்லை. விடாத கையை உன் மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்?

நீ எவ்வளவு கவனமாக வேலை செய்கிறாய் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு விஷயம் எழுதியிருக்கிறாய். அதை நான் பலமுறை படித்துவிட்டேன். கொஞ்ச நாளாக மத்தியான வேளையில் கொக்கிக்கு நேர் கீழே ஹெல்மெட் இல்லாமல் ஒரு ஆள் வந்து நிற்கிறான், அண்ணாந்து உன்னையே பார்க்கிறான் என்கிறாய். முதலில் அவனுக்காக லோடை அந்தரத்தில் நிறுத்திவைத்துக் காத்திருந்தாய். சிக்னல்காரர் கீழே யாரும் இல்லை, இறக்கு என்கிறார். நீ காத்திருக்கிறாய். ஃபோர்மேன் வந்து, யாருக்குடா மரியாதை பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதற்கு மறுநாள் நீ அவன் மேலேயே மெல்ல இறக்கிப் பார்த்தாய். லோடு தரையில் உட்கார்ந்தது, அங்கே யாரும் இல்லை. உனக்கு நிம்மதியாகிவிட்டது. "இப்பல்லாம் நான் அவனைக் கண்டுக்கிறதே இல்லக்கா. அவன் பாட்டுக்கு நிப்பான், நான் பாட்டுக்கு இறக்குவேன்" என்று எழுதியிருக்கிறாய்.

தம்பி, நான் ரத்தத்தில் பார்த்ததை நீ நம்பவேண்டாம். அது தப்பாகவே இருக்கட்டும். அந்தக் குட்டிகளை நான் கணக்குத் தெரியாமல் எண்ணிவிட்டேன் என்றே வைத்துக்கொள். ஆனால் இந்த வரியை எழுதியது நீ. உனக்குக் கை காட்டி நிறுத்துவதற்கு உடம்புக்குள் யாரோ இருந்தார்கள், அவர்கள் இப்போது இல்லை. தள்ளிப் போ என்று சொல்லி அவனுக்காகக் காத்திருந்தவரை நீ என் தம்பியாக இருந்தாய். அப்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அந்த இடத்தில் ஒரு நிஜ ஆள் வந்து நிற்பான். வெயிலுக்கு ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, சும்மா ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பான். அவனுக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருப்பாள். நீ அவனைக் கண்டுகொள்ளமாட்டாய்.

அந்த ஆள் முகம் எப்படி இருக்கும் என்று எழுதவில்லையே என்று டாக்டர் கேட்டார். எனக்கு அதைக் கேட்கவேண்டாம். அது எதுவாக இருந்தாலும் நீ எனக்குச் சொல்லவேண்டாம்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். உன்னோடு வேலை பார்க்கும் வெல்டர் விடுமுறையில் வந்திருக்கிறான், நாளைக்குத் திரும்புகிறான். அவன் வீட்டைத் தேடிப் போய், அவன் அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் இதோடு இருக்கிறது. பரிசோதனை முடியும்வரை உயரத்தில் வேலை கொடுக்கக்கூடாது என்று மட்டும்தான் அதில் இருக்கிறது, நோயின் பெயர் இல்லை. அதை ஃபோர்மேனிடம் நீயே கொடுத்தால் உனக்கு மரியாதை. நான் நேராக அவருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து பாதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இந்த வேலைக்காக நீ எத்தனை பரீட்சை எழுதினாய், முதல்முறை கேபினில் ஏறியதும் பறவை முதுகு தெரிகிறது என்று எப்படிச் சொன்னாய் என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. அந்த வேலை போய்விடும் என்றும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். என்மேல் கோபப்படு. ஆயுசு முழுக்கக் கோபப்படு. அதற்கு நீ இருக்கவேண்டும்.

வெல்டரிடம் சில விஷயங்கள் கறாராகச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தைச் சிக்னல்காரரிடம் கொடுக்கக்கூடாது. கயிற்றில் கட்டி மேலே அனுப்பக்கூடாது, மேலே வைத்து நீ இதைப் படிக்கவே கூடாது. கிரேன் ஏணியின் அடியில் நின்று, வாக்கிடாக்கியை வாங்கித் தொளதொளா என்று கூப்பிட வேண்டும். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது என்பதால் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று உனக்குப் புரியும். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது, கொக்கி போகிற பக்கம் காலே வைக்கக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு, "அக்கா, எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் அந்தப் பக்கம் வரமுடியும்" என்றான். ஹெல்மெட் சத்தியத்தை இன்னொரு முறை வாங்கிக்கொண்டேன். அவன் அம்மா உள்ளேயிருந்து எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாலு உனக்குச் சேதி சொல்லச் சொன்னாள். ஜன்னலுக்குக் கீழே இப்போது யாரும் இல்லையாம். மாமாவோடவே போய்விட்டாராம். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

தம்பி, இதை நீ படிக்கிறாய் என்றால் இறங்கி வந்திருக்கிறாய் என்று அர்த்தம். உன் கால் தரையில் இருக்கிறது. எதிரே இதைக் கொடுத்தவன் நின்றுகொண்டிருப்பான். அவன் தோளைத் தொட்டுப் பார். கை படுகிறதா? படுகிறது என்றால் அவன் முழுசாக இருக்கிறான், நீயும் முழுசாக இருக்கிறாய், நான் கும்பிட்டதெல்லாம் பலித்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொள், விடாதே. சட்டையோ பையோ மேலே இருந்தால் இருக்கட்டும், அதை எடுக்க மறுபடி ஏறாதே. மேலேயிருந்து யார் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் ஏறாதே. அன்றைக்குச் சமையலறையிலிருந்து உன்னைக் கூப்பிட்டது நான் இல்லை.

இப்போது கூப்பிடுவதுதான் நான். வந்துவிடுடா.

அக்கா